மூன்று வீடுகளில் வளர்ந்த ரோஜா

அந்த ரோஜாக் குச்சி என் வீட்டில் இருபத்திரண்டு நாட்கள் இருந்தது. பதினெட்டாம் நாள் அடிப்பக்கம் கறுக்கத் தொடங்கியது. இருபத்திரண்டாம் நாள் மேல்கணு வரை கறுப்பு ஏறிவிட்டது. பிடுங்கிப் பார்த்தேன். வேர் இல்லை. வேர் வருவதற்கு முன் வெட்டுவாயில் திரளும் வெள்ளைத் தடிப்புகூட இல்லை. குப்பைக்குழியில் போட்டேன். அன்று மாலை எங்கள் வாட்ஸ்அப் குழுவில், அது நன்றாக இருப்பதாக எழுதினேன்.

அது தோட்டக்காரர்களின் குழு. பதுளை, ஹாலிஎல, பண்டாரவளை, வெலிமடை, லுணுகலை, கொஸ்லந்த என்று ஊவாவின் மலைகளில் சிதறிக் கிடக்கும் நாற்பது பேர் வரை அதில் இருக்கிறோம். ஹாலிஎலயில் படிப்பிக்கும் ஒரு டீச்சர் அதைத் தொடங்கினார். காலை வணக்கப் படங்கள் கூடாது, அரசியல் கூடாது, சாமி படம் கூடாது, செடி மட்டும் என்பது அவருடைய சட்டம். கொழும்பில் ஒரு பத்திரிகையின் செய்தி மேசையில் முப்பது வருடம் மற்றவர்கள் எழுதியதைத் திருத்திவிட்டு, பதுளைக்குத் திரும்பி, வீட்டின் பின்னால் ஒரு துண்டு நிலத்தோடு நான் உட்கார்ந்திருந்த நேரம் அது. யாரோ என்னைச் சேர்த்துவிட்டார்கள். ஒருவரையொருவர் பார்க்காமலே நாங்கள் ஒருவர் வீட்டுச் செடியை ஒருவர் அறிந்துவைத்திருந்தோம். யாருடைய ஆந்தூரியத்தில் புள்ளி விழுந்திருக்கிறது, யாருடைய எலுமிச்சை காய்க்க மறுக்கிறது என்றெல்லாம் தெரியும். முகம் தெரியாது.

அந்தக் குழுவில் எல்லோரும் மதித்த ஆள் லுணுகலை அக்கா. லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். அவருடைய தொலைபேசியின் கண்ணாடி ஒரு மூலையில் உடைந்திருந்தது. அதனால் அவர் போடும் எல்லாப் படத்திலும் வலது மேல் மூலையில் ஒரு மங்கல் இருக்கும். அந்த மங்கலைப் பார்த்ததுமே யாருடைய படம் என்று தெரிந்துவிடும். மங்கலுக்குக் கீழே பிகோனியா, ஜெரேனியம், டேலியா, எதுவும் குறை சொல்ல முடியாத ஆரோக்கியத்தோடு நிற்கும்.

அவரிடம் ஒரு ரோஜா இருந்தது. பூ வெள்ளையும் இல்லை, மஞ்சளும் இல்லை. காய்ச்சி ஆறிய பசும்பாலின் நிறம், வெளியிதழ்களின் விளிம்பில் மட்டும் சிவப்பு. தோட்டத்துத் துரையின் பங்களாவில் பழைய ரோஜாப் பாத்திகளைத் தோண்டி எறிந்த காலத்தில், குப்பையில் கிடந்த வேர்த்துண்டு ஒன்றை எடுத்துவந்து தன் வாசலில் ஊன்றியதாக அவர் சொல்லியிருந்தார். பங்களாவில் இப்போது அந்த இனம் இல்லை. அதன் பெயர் என்ன என்று குழுவில் பல நாள் விவாதித்தோம். நுவரெலியாவில் நாற்று மேடை வைத்திருக்கும் ஒருவரிடமும் கேட்டோம். தெரியாது என்றார்.

ஒரு மழைக்காலத்தில் அக்கா, கேட்டிருந்த மூன்று பேருக்குக் குச்சி அனுப்பினார். டீச்சருக்கு ஒன்று, பண்டாரவளையில் வன்பொருள் கடை வைத்திருக்கும், நாங்கள் நானா என்று அண்ணன் முறை சொல்லி அழைப்பவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. வாழைமட்டைக்குள் ஈரப்பாசி வைத்துக் கட்டி, பஸ் நடத்துநரிடம் கொடுத்துவிட்டிருந்தார். பதுளை பஸ் நிலையத்தில் நான் பெற்றுக்கொண்டு மற்ற இரண்டையும் அனுப்பிவைத்தேன். மூன்றிலும் சுற்றிய நூல் ஒரே மாதிரி ஏழு சுற்று. அவ்வளவு கவனம்.

மூன்றாம் வாரம் டீச்சர் ஒரு படம் போட்டார். அவருடைய குச்சியில் சிவப்பாகத் தளிர் வந்திருந்தது. குழுவே கொண்டாடியது. மறுநாள் நானா தன் குரலைப் பதிந்து போட்டார்: "மாஷா அல்லாஹ், நம்மடதும் புடிச்சிட்டு." பிறகு எல்லோரும் என்னைக் கேட்டார்கள். "பேப்பர் சேர் வீட்டுச் செய்தி என்ன?" என்று, குழுவில் எனக்கு விழுந்திருந்த பெயரைச் சொல்லி அக்காவும் கேட்டார். அதற்கு இரண்டு நாள் முன்புதான் என்னுடையதில் கறுப்பு ஏறத் தொடங்கியிருந்தது. பொறுங்கள் என்று எழுதினேன். குச்சியைக் குப்பையில் போட்ட மாலையில் அவர்கள் மறுபடி கேட்டார்கள். என் வீட்டில் வேறொரு ரோஜா இருக்கிறது, சாதாரணச் சிவப்பு. அதன் அடியில் வந்திருந்த புதுத்தளிரை நெருக்கமாகப் படமெடுத்துப் போட்டேன். நடந்தது இவ்வளவுதான். எந்த நெருக்கடியும் இல்லை. வயதான ஒருவன் மற்ற இருவருக்கும் குறைந்தவனாகத் தெரிய விரும்பவில்லை, அதைத் தவிர வேறு காரணம் சொல்ல என்னிடம் இல்லை.

ஒரு மாதம் கழிந்தது. லுணுகலைப் பக்கம் கடும் மழை. அக்கா இருந்த லயம் என்னும் வரிசை வீடுகளுக்கு மேலே, மேட்டில் வெடிப்பு விழுந்தது. அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு, அந்த வரிசையில் இருக்கும் ஆறு வீடுகளும் காலி செய்யப்பட வேண்டும் என்றார்கள். கீழே, கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த புது வீடுகளில் அவர்களுக்கு இடம் ஒதுக்கினார்கள். வீடு முடிய இரண்டு மாதம் ஆகும் என்றும் சொன்னார்கள். இதையெல்லாம் அக்கா துண்டு துண்டாகக் குழுவில் சொல்லிவந்தார். ரோஜாவைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. எனக்கும் பெரிய கவலை இல்லை. டீச்சரிடம் ஒன்று இருக்கிறது, நானாவிடம் ஒன்று இருக்கிறது. சத்தமில்லாமல் டீச்சரிடம் ஒரு குச்சி வாங்கி வைத்துக்கொண்டால் என் பொய்யும் உண்மையாகிவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

இரண்டு மாதம் முடிய ஒன்பது நாள் இருக்கும்போது அக்காவின் குரல் வந்தது.

"எல்லாருக்கும் வணக்கம். அடுத்த வாரத்துக்கு அடுத்த வாரம் லயத்த ஒடைக்க மெஷின் வருதாம். தொட்டிச் செடியெல்லாம் தூக்கிட்டுப் போயிருவோம். ரோசாவத்தான் எடுக்க ஏலாது. வேரு கானுக்கு அடியில போயிருச்சு, தோண்டுனா செத்துரும். பரவால்ல. மூணு வீட்டுல இருக்கு, எனக்கு அது போதும். கடைசியா நல்லா பூத்திருக்கு. குச்சி வச்ச மூணு பேரும் ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்களேன்."

அந்த ஞாயிறு நானாவின் வேனில் போனோம். அவர் பண்டாரவளையிலிருந்து வந்து, ஹாலிஎலயில் டீச்சரை ஏற்றி, பதுளையில் என்னை ஏற்றினார். மூவரும் முதல்முறையாக முகம் பார்த்தோம். குரலை வைத்து நானாவைப் பெரிய உருவமாக நினைத்திருந்தேன். ஒல்லியான மனிதர், இருக்கையில் ஒரு தலையணை போட்டு உட்கார்ந்து ஓட்டினார். டீச்சர் மடியில் ஒரு பனிக்கூழ் டப்பா வைத்திருந்தார். அதற்குள் ஈரத்துணியில் சுற்றிய வயலட் இலைகள், அக்காவுக்கு.

பசறை தாண்டி ஏற்றத்தில் வேன் மெதுவாகப் போனபோது, நான் டீச்சர் பக்கம் சாய்ந்து சொன்னேன்.

"டீச்சர், ஒங்க ரோசாவுல இருந்து எனக்கு ஒரு குச்சி வேணும். யாருக்கும் தெரிய வேணாம்."

"ஏன் சேர்? ஒங்ககிட்டதான் இருக்கே."

"இல்ல."

"போட்டோ போட்டீங்களே?"

"அது வேற ரோசா."

ஒரு வளைவு முடிந்ததும் அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நான் ஒங்ககிட்ட கேக்கலாம்னு இருந்தேன்."

அவருடைய குச்சியில் தளிர் வந்தது உண்மை. படமும் உண்மை. ஆனால் அது தண்டில் இருந்த சாற்றைக் குடித்து வந்த தளிர், கீழே வேர் இல்லை. பன்னிரண்டு நாளில் வாடிவிட்டது.

"நல்ல செய்தியப் போட்டுட்டு, பிறகு செத்துப் போச்சுன்னு எப்படி சேர் போடுறது? அந்தப் போட்டோவுக்கு அக்கா எத்தன ஹார்ட் போட்டாங்க தெரியுமா?"

இருவரும் முன்னால் பார்த்தோம். வேனின் கண்ணாடியில் நானாவின் கண்கள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"என்னப் பாக்க வாணாம்," என்றார் நானா.

"நானா!"

"ரெண்டாம் மாசமே நான் கையக் கழுவிட்டேன். டீச்சருக்கிட்ட ஈக்கிதானேன்னு நெனச்சி சும்மா இருந்த."

"புடிச்சிட்டுன்னு வொய்ஸ் போட்டீங்களே?"

"புடிச்சிதான் ஈந்திச்சி. அன்டைக்கு புடிச்சிதான் ஈந்திச்சி."

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது. அடுத்த வளைவில் மூவரும் சிரிப்பை நிறுத்திவிட்டோம். அந்த ரோஜா உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் இருக்கிறது என்பதும், அதன் மேல் மெஷின் ஏறப் போகிறது என்பதும் மூவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியிருக்க வேண்டும்.

நானாதான் வழி சொன்னார். "இதுக்கு ஏன் மூஞ்சத் தொங்கப் போடுறீங்க? மரம் இன்னும் நிக்கிதானே. ஆளுக்குப் பத்துக் குச்சி கேட்டு வாங்குவோம். முப்பதுல ஒன்டு வராதா? அந்தப் புள்ளைக்கு ஒன்டும் செல்ல வாணாம். அதுட மனச ஏன் ஒடைக்கிற?"

டீச்சர் தலையசைத்தார். எனக்கும் அது சரியாகவே பட்டது. பிழை தெரிந்த பிறகு திருத்தம் போடாமல், அடுத்த பதிப்பில் சத்தமில்லாமல் சரிசெய்துவிடும் வழக்கம் பத்திரிகை மேசைகளில் உண்டு. நானே செய்திருக்கிறேன்.

மடுவத்தருகே வேனை நிறுத்தினோம். அக்கா அங்கேயே காத்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். குரல் ஒலிக்கும் வயதைவிடக் கூடுதல். "வாங்க வாங்க, நானா இவ்வளவு ஒல்லியா? வாய்ஸ கேட்டா கடையளவு இருப்பீங்கன்னு நெனச்சேன்," என்று சிரித்தார். என்னிடம், "அண்ணே, பாத்து வாங்க, படி வழுக்கும்," என்றார். குழுவில் சேர் என்று எழுதுபவர், நேரில் அண்ணே என்றார்.

தேயிலை நடுவே படிகளில் கால் மணி நேரம் ஏறினோம். லயம் ஒரே கூரையின் கீழ் ஆறு வீடுகள். அக்காவுடையது கடைசி. அங்கே போய்த்தான் அவருடைய தோட்டத்தின் அளவு தெரிந்தது. படங்களைப் பார்த்து நான் கால் ஏக்கராவாவது இருக்கும் என்று நினைத்திருந்தேன். வீட்டுச் சுவருக்கும் முன்னால் ஓடும் சிமெண்டு வடிகாலான கானுக்கும் இடையே அகலம் நான்கடி. நீளம் இரண்டு அறைகளின் நீளம். அவ்வளவுதான். பால்மா டின்கள், பெயின்ட் வாளிகள், பாதியாக வெட்டிய டயர்கள் எல்லாம் ஏற்கெனவே சாக்குகளின் மேல் வரிசையாகத் தூக்கிச் செல்லத் தயாராக இருந்தன. கூரைக்கு மேலே மேட்டில், வெடிப்பின் மேல் கறுப்புப் பொலித்தீன் விரித்து, இருபக்கமும் மரமுளை அடித்திருந்தார்கள். முளைகளுக்கிடையே தூரம் கூடுகிறதா என்று தினமும் நூல் பிடித்துப் பார்ப்பதாக அக்கா சொன்னார்.

ரோஜா சுவரோரம், மணிக்கட்டுத் தடிமனில் எழும்பி, தகரக் கூரையின் விளிம்பைத் தொட்டு நின்றது. பதினோரு பூ. மணத்தை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அக்காவின் கணவர் உள்ளேயிருந்து வந்தவர் எனக்காகச் சொல்லிவிட்டார்: "பெக்டரியில கொழுந்து வாடப் போட்ட மாடி மாதிரி இல்ல?" அதேதான். அவர் தேயிலையைக் கவ்வாத்து வெட்டும் வேலை செய்து ஓய்ந்தவர். செடியை முழங்கால் உயரத்துக்குக் குறைத்து வெட்டி, மறுபடி துளிர்க்கவிடும் வேலை.

பிளேன்டீயும் ரொட்டியும் வந்தன. கானின் விளிம்பிலும் இரண்டு ஸ்டூல்களிலுமாக உட்கார்ந்தோம். நானா என்னைப் பார்த்துக் கண் காட்டினார். குச்சி கேட்கும் வேலை என்னுடையது என்று வேனில் முடிவாகியிருந்தது. நான் வாய் திறப்பதற்குள் அக்கா பேசினார்.

"ஒங்கள வரச் சொன்னதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. புது வீட்டுல ஒரு குச்சி வைக்கணும். எனக்கு இது குச்சியில வராது."

"வராதுன்னா?" என்றார் டீச்சர்.

"எட்டு தடவ வச்சிருக்கேன். மாட்டெரு போட்டு, மணல் போட்டு, கரித்தூள் போட்டு, எல்லாம் பாத்தாச்சு. ஒன்னுகூட வேர் விடல. ஒங்களுக்கு அனுப்புனப்பவும் நம்பிக்கை இல்லாமத்தான் அனுப்புனேன். கேட்டீங்களேன்னு. மூணும் வந்துருச்சுன்னதும் எனக்குத் தூக்கமே வரல. நீங்க எப்படி வச்சீங்கன்னு சொல்லுங்க. ஒருத்தர் ஒருத்தரா சொல்லுங்க. மொதல்ல அண்ணன் சொல்லட்டும்."

கணவர் சிரித்தார். "பேப்பர் சேருக்குக் கைராசி. இவளுக்கு வாய்ராசி மட்டுந்தான்."

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. எங்க கல்யாணத்தன்னிக்கு நட்ட வாழையவே சாகடிச்ச ஆளு," என்றார் அக்கா. என்னைப் பார்த்தபடியே இருந்தார்.

முப்பது குச்சி என்ற திட்டம் அந்த இடத்தில் முடிந்தது. எட்டு முறை அவருக்கு வராதது எங்களுக்கு வராது. இனி ஒரு பொய்தான் பாக்கி: மணலும் தேங்காய்த் தும்பும் கலந்தேன், நிழலில் வைத்தேன் என்று ஏதாவது சொல்லலாம். அவர் அதை நம்பிப் புது வீட்டில் ஒரு குச்சியை நட்டுவிட்டு, தாய்ச்செடியை மெஷினுக்கு விட்டுவிட்டுப் போவார். அவருடைய கேள்வி அவ்வளவு நேராக இருந்ததால்தான் எனக்கு அது தெளிவாகத் தெரிந்தது.

"என் குச்சி செத்துப் போச்சு," என்றேன். "இருபத்திரெண்டாம் நாள்."

அக்கா உடனே டீச்சரைப் பார்த்தார். டீச்சர் கோப்பையைப் பார்த்தார். "எனக்கு தளிர் வந்துச்சு அக்கா. நெசமா வந்துச்சு. நிக்கல."

நானா தேநீரைக் கானின் விளிம்பில் வைத்தார். "தங்கச்சி, எண்டதும் இல்ல."

பக்கத்து வீட்டு வானொலியில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அது முடிந்து பாட்டு தொடங்கியது.

"அப்ப அந்தப் போட்டோ?" என்று அக்கா என்னிடம் கேட்டார்.

"என் வீட்டுல இருக்கிற வேற ரோசா."

"பாத்தப்பவே நெனச்சேன். ஒரு காம்புல ஏழு இல இருந்துச்சு. இதுக்கு அஞ்சுதான். ஊருக்கு ஊரு மாறும்போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

முப்பது வருடம் பிறர் பிழையைப் பிடித்துச் சம்பளம் வாங்கியவன் போட்ட பொய்யை, உடைந்த கண்ணாடியுள்ள தொலைபேசியில் இலையை எண்ணிக் கண்டுபிடித்திருக்கிறார். கண்டுபிடித்தும் என் பக்கம் நியாயம் தேடியிருக்கிறார்.

"காலி பண்ணச் சொன்ன அன்னிக்கே சொல்லியிருந்தா, ஒரு வாத வளைச்சு மண்ணுல படுக்க வச்சுப் பதியம் போட்டிருப்பேன் சேர். ரெண்டு மாசம் இருந்துச்சு."

குரல் உயரவில்லை. அண்ணே போய் சேர் வந்திருந்தது. அன்று முழுவதும் அப்படியே இருந்தது.

கணவர் எழுந்தார். "நான் அப்பவே தோண்டிருவோம்னு சொன்னேன். இவதான் விடல. நல்லா நிக்கிறதக் கொல்ல வேணாம், அதான் மூணு வீட்டுல இருக்கேன்னா."

"இப்ப அதப் பேசி என்ன?"

"ஒன்னும் இல்ல. இப்ப தோண்டுவோம்."

உள்ளே போய்க் கவ்வாத்துக் கத்தியைக் கொண்டுவந்தார். அக்கா செடியின் முன்னால் சற்று நேரம் நின்றார். "பூவோட வெட்டாதீங்க," என்றார். டீச்சர் ஒவ்வொரு பூவாகப் பறித்துத் தன் பனிக்கூழ் டப்பாவின் மூடியில் வைத்தார். பதினொன்றும் அதில் கொள்ளவில்லை.

அந்த மனிதர் வெட்டியதைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு வாதுக்கு ஒரே வீச்சு. வெட்டு சாய்வாக, பிசிறில்லாமல் விழுந்தது. கூரையைத் தொட்ட செடி ஐந்து நிமிடத்தில் முழங்கால் உயரமானது. ஒரே ஒரு கிளையை மட்டும் இலையோடு விட்டுவைத்தார்.

"அத ஏன் விட்ட?" என்றார் நானா.

"மூச்சுக்கு. தேயிலைக்கும் அப்படித்தான். எல்லாத்தையும் வெட்டிட்டா வேரு பட்டினி கெடக்கும். ஒரு வாது இருந்தா அது சமைச்சுப் போடும்."

பிறகு கானை உடைக்க வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டிலிருந்து அலவாங்கு என்னும் கடப்பாரை வந்தது. நானா சட்டையைக் கழற்றி மடித்து ஸ்டூலில் வைத்துவிட்டு, பனியனோடு சிமெண்டைக் குத்தினார். வன்பொருள் கடைக்காரருக்கு அலவாங்கைப் பிடிக்கத் தெரிந்திருந்தது. கானுக்கு அடியில் போன வேர் செடியின் மிகத் தடித்த வேர். அதன் முனை லயத்தின் அத்திவாரத்துக்குள் நுழைந்திருந்தது. கணவர் மண்ணில் கைவிட்டுத் தடவிப் பார்த்து, "இது வராது," என்றார். அக்கா தலையை மட்டும் அசைத்தார். கத்தி விழுந்தது. மற்ற மூன்று வேர்கள் மண்ணோடு வந்தன.

உரச்சாக்கில் கட்டி ஆளுக்கொரு மூலையாகத் தூக்கினோம். என்னை யாரும் கூப்பிடவில்லை. காலியாக இருந்த மூலையை நான் பிடித்துக்கொண்டேன். ஏறும்போது கால் மணி எடுத்த படி, இறங்க முக்கால் மணி எடுத்தது. புது வீட்டின் முன்னால் சிவந்த மண், புல்லுகூட முளைக்காமல் கிடந்தது. குழி வெட்டி, நட்டு, நான்கு கம்பு ஊன்றி, மேலே சாக்கைப் பந்தலாகக் கட்டினோம்.

வெட்டிய கிளைகள் மேலே லயத்து வாசலில் குவிந்து கிடந்தன. அவற்றில் கையோடு கொண்டுவந்திருந்த சிலவற்றை, புறப்படும்போது அக்கா ஒரு கட்டாக நானாவின் வேனுக்குள் வைத்தார். "கொண்டுபோய் வைங்க. வந்தா சந்தோசம். ஆனா நான் வந்து கண்ணால பாக்காம, வந்துருச்சுன்னு மட்டும் யாரும் சொல்லாதீங்க."

திரும்பும் வழியில் பதுளையில் நான் முதலில் இறங்கினேன். இறங்கும்போது நானா சொன்னார்: "செல்லினது நல்லம் சேர். நான் செல்லி ஈக்க மாட்டேன்." அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. அக்கா கேட்காமல் இருந்திருந்தால் நானும் சொல்லியிருக்க மாட்டேன்.

அன்று மாலையே குழுவில் எழுதினேன். பிழை எந்தப் பக்கத்தில் வந்ததோ அந்தப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் திருத்தம் வர வேண்டும் என்று இளையவர்களிடம் சொல்லிவந்தவன் நான். நான் போட்ட படம் வேறு செடியின் படம், என் குச்சி செத்து மூன்று மாதம் ஆகிறது, அதை மறைத்ததால் லுணுகலை அக்கா தன் செடிக்குப் பதியம் போடும் காலத்தை இழந்தார் என்று மூன்று வாக்கியம். டீச்சரையும் நானாவையும் பற்றி எழுதவில்லை. அவர்கள் தாங்களாகவே கீழே எழுதினார்கள்.

ஒரு மணி நேரம் கழித்து வெலிமடையிலிருந்து ஒருவர், போன வருடம் காட்டிய ஸ்ட்ரோபெரி தன்னுடையது அல்ல, அடுத்த வீட்டுடையது என்று எழுதினார். கொஸ்லந்தயிலிருந்து ஒருத்தி, எல்லோரும் புகழ்ந்த தன் ஓர்க்கிட் கடையில் பூவோடு வாங்கியது என்றும் பிறகு பூக்கவே இல்லை என்றும் எழுதினாள். படுக்கப் போகும்போது பன்னிரண்டு செடிகள் செத்திருந்தன. அடுத்த சில வாரம் எங்கள் குழுவில் வந்த படங்களில் பாதி, காய்ந்த செடிகளின் படங்கள். அதுவரை தெரிந்துகொள்ளாத பலவற்றை அந்த வாரங்களில்தான் தெரிந்துகொண்டோம். எந்தச் செடி எதனால் செத்தது என்று செத்ததைப் பார்த்தால்தானே தெரியும்.

அக்கா எதுவும் எழுதவில்லை. குழுவை விட்டும் போகவில்லை. நாங்கள் போடுவதையெல்லாம் அவர் பார்த்ததற்கு அடையாளமாக, பார்த்தவர் பட்டியலில் அவர் பெயர் மட்டும் விழுந்துகொண்டிருந்தது.

மூன்றாவது ஞாயிறு நான் பஸ்ஸில் போனேன். சொல்லாமல் போனேன். லயம் இருந்த இடத்தில் உடைந்த கல்லும் தகரமும் குவிந்து கிடப்பது கீழிருந்தே தெரிந்தது. புது வீட்டின் முன்னால் சாக்குப் பந்தல் அப்படியே இருந்தது. மூச்சுக்கு விட்ட கிளையில் மூன்று இலை மட்டும் மிச்சம். அக்கா வெளியே வந்து என்னைப் பார்த்தார். ஆச்சரியம் காட்டவில்லை.

"பட்டைய சொரண்டிப் பாத்தேன். பச்சையாத்தான் இருக்கு," என்றார். "மழை இல்ல. இங்க இன்னும் பைப் போடல. பீலியில இருந்துதான் தூக்கணும். எனக்கு முழங்கால் போச்சு. அவருக்கு மூச்சு வாங்குது."

வாசலில் இரண்டு எண்ணெய்க் கேன்கள் இருந்தன. பீலி, மலையிலிருந்து மூங்கில் குழாயில் தண்ணீர் விழும் இடம், கீழே ஐந்து நிமிடம். நான்கு தடவை போய்வந்தேன். கோப்பையில் தேநீர் தந்தார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவரே நினைவூட்டினார்.

அடுத்த ஞாயிறு நான் போனபோது டீச்சர் எனக்கு முன்பே கேனோடு நின்றார். அதற்கடுத்த வாரம் நானா தன் கடையிலிருந்து ஐந்நூறடி ரப்பர் குழாய் கொண்டுவந்தார். பீலியிலிருந்து வீடு வரைக்கும் விரித்தோம். நீளம் சரியாக இருந்தது. தண்ணீர்தான் மேட்டில் ஏறவில்லை. அக்கா வாசலில் நின்று, "கடையில மோட்டார் இல்லையா நானா?" என்றார். சிரித்தார். ஐந்து வாரத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு. நானா குழாயைச் சுருட்டி வேனில் போட்டுவிட்டுக் கேனை எடுத்துக்கொண்டார்.

இதை எழுதும்போது, மூச்சுக் கிளையின் மூன்று இலையும் விழுந்துவிட்டன. ஆனால் அடிக்கட்டையில் இரண்டு இடத்தில் சிவப்பாகக் கண் விட்டிருக்கிறது. ஓர் அரிசி அளவு. நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா பின்னால் வந்து நின்றார்.

"பொழச்சா, மொதப் பதியம் எனக்கு," என்றார். "ரெண்டாவது டீச்சருக்கு. அவங்க போட்ட போட்டோ நெசம். மூணாவது நானாவுக்கு."

"எனக்கு?"

"பாப்போம்."

வரிசை நியாயமாகத்தான் இருந்தது. இன்னும் இரண்டு நடை பாக்கி இருந்ததால் கேனை எடுத்துக்கொண்டு பீலிக்கு இறங்கினேன்.